நுரையாய்ப் பொங்கியது, நுரையாய் அடங்கியது! ஊரடங்கு காலத்தில் உலகையே கலக்கிய 'டல்கோனா' காபியின் கதை

இரண்டு ஸ்பூன் காபித்தூள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு ஸ்பூன் வெந்நீர்.

சரக்கு இவ்வளவுதான். மூன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கை ஓயும் வரை அடிக்க வேண்டும். முதலில் கறுப்பாக, தண்ணீராக இருக்கும். பிறகு தேன் போல ஆகும். விடாமல் அடித்தால் பழுப்பு நிறத்தில் கெட்டியான நுரையாக எழும்பும். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் கீழே விழாது.

கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த பாலை ஊற்றி, அதன் மேல் இந்த நுரையை வைக்க வேண்டும். கீழே வெள்ளை, மேலே பழுப்பு. பார்ப்பதற்கு அழகாக இருக்கும்.

இதுதான் 'டல்கோனா' காபி.

2020-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தக் காபியைப் பார்க்காத செல்போன் இல்லை. சியோல், லண்டன், நியூயார்க், மும்பை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் ஜனங்கள் கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்து விட்டார்கள். அந்த ஆண்டு உலகம் முழுவதும் கூகுளில் தேடப்பட்ட சமையல் குறிப்புகளின் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான் கிடைத்தது.

இரண்டே மாதம். வந்த வேகத்தில் போயும் விட்டது.

எங்கிருந்து வந்தது? ஏன் போனது?

மக்காவ் கடையில் ஒரு நடிகர்

சீனாவின் தென்கரையில், ஹாங்காங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது மக்காவ். அங்கே கொலோன் என்ற பகுதியில், பழைய கப்பல் கட்டும் பட்டறைகளை ஒட்டி ஒரு சிறிய காபிக் கடை உண்டு. தகரக் கூரை போட்ட சாதாரணக் கடைதான்.

அந்தக் கடையில் காபித்தூளையும் சர்க்கரையையும் கையாலேயே அடித்து நுரையாக்கித் தருவார்கள். ஹாங்காங் நடிகர் சவ் யுன் பட் அந்தக் கடையில் காபி குடித்ததால், அவர் பெயராலேயே அந்தக் காபி அந்தப் பக்கத்தில் பிரபலமாக இருந்தது.

2020-ம் ஆண்டு ஜனவரியில் தென்கொரியாவின் கே.பி.எஸ். டி.வி. நிகழ்ச்சி ஒன்றில், ஜங் இல் வூ என்ற நடிகர் இந்தக் கடைக்குப் போனது காட்டப்பட்டது. கடைக்காரர் காபியை அடிப்பதை அவர் வியப்போடு பார்த்தார். குடித்துப் பார்த்து விட்டு, "டல்கோனா மாதிரி இருக்கிறது" என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையே பெயராகி விட்டது.

பள்ளிக்கூட வாசல் மிட்டாய்

டல்கோனா என்பது காபியின் பெயரே அல்ல. அது ஒரு மிட்டாய்.

சர்க்கரையைக் கரண்டியில் போட்டு நெருப்பில் காட்டி உருக்குவார்கள். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் அது பொங்கி, பழுப்பு நிறமாக மாறும். உடனே தட்டில் கொட்டி அப்பளம் போல அமுக்கி, நடுவில் நட்சத்திரம், குடை என்று ஏதாவது ஓர் உருவத்தைப் பதித்துக் கொடுப்பார்கள். உருவம் உடையாமல் ஊசியால் பெயர்த்து எடுத்து விட்டால் இன்னொரு மிட்டாய் இனாம்.

நம் ஊரில் பள்ளிக்கூட வாசலில் சவ்வு மிட்டாய் விற்றதைப் போல, கொரியாவில் தெரு ஓரங்களில் விற்ற மிட்டாய் இது. ஏழைப் பிள்ளைகளின் தின்பண்டம்.

இந்தக் காபியில் அந்த மிட்டாய் ஒரு துண்டு கூடக் கிடையாது. நிறமும் ருசியும் அதை நினைவூட்டின. அவ்வளவுதான்.

400 தடவை அடி!

டி.வி.யில் ஒரு நடிகர் காபி குடிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. சாதாரண நாளாக இருந்தால் பத்து நாளில் மறந்து போயிருக்கும். ஆனால் அது சாதாரண நேரமாக இல்லை.

பிப்ரவரி மாதம் தென்கொரியாவில், குறிப்பாக டேகு நகரில், கொரோனா வேகமாகப் பரவியது. அங்கே அரசு நாடு முழுவதையும் பூட்டவில்லை. ஆனாலும் ஜனங்கள் தாங்களாகவே வீட்டோடு இருந்தார்கள். கடைக்குப் போய்க் காபி குடிக்க முடியாதவர்கள் வீட்டில் அடிக்கத் தொடங்கினார்கள். "நானூறு தடவை அடிக்கும் காபி" என்று அதற்கு இன்னொரு பெயரும் வந்தது. அடிப்பதைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

மார்ச் 9-ந் தேதி இத்தாலி நாடு முழுவதும் கட்டுப்பாடு வந்தது. அடுத்தடுத்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் வீட்டுக்குள் போயின. கடை இல்லை, வேலை இல்லை, போக்கிடம் இல்லை. ஆனால் அடுப்படியில் காபித்தூளும் சர்க்கரையும் பாலும் இருந்தன. எந்திரம் எதுவும் தேவையில்லை. கை மட்டும் இருந்தால் போதும்.

சும்மா இருந்த கைகள் அந்தக் கரண்டியைப் பிடித்துக் கொண்டன.

21 நாள்

இந்தியாவில் மார்ச் 22-ந் தேதி 'ஜனதா ஊரடங்கு'. அன்றோடு பயணிகள் ரெயில்கள் நின்றன. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி டி.வி.யில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. பிறகு அது மேலும் மேலும் நீண்டது.

வீட்டில் இருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. வாட்ஸ்அப்பில் தினம் ஒரு புதுமை தேவைப்பட்டது. டல்கோனா காபி வந்து சேர்ந்தது. கல்லூரிப் பெண்கள் செய்தார்கள். சினிமா நட்சத்திரங்கள் செய்தார்கள். அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்களும் கிண்ணத்தை எடுத்தார்கள்.

அந்த ஆண்டு இந்தியர்கள் கூகுளில் "செய்வது எப்படி?" என்று அதிகமாகக் கேட்டவற்றின் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காலம் அப்படியே கண்முன் நிற்கும். பனீர் செய்வது எப்படி? நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்படி? டல்கோனா காபி போடுவது எப்படி? வீட்டிலேயே சானிடைசர் தயாரிப்பது எப்படி?

பயம் ஒரு பக்கம். நாக்கு ஒரு பக்கம்.

வடக்கே பழைய பழக்கம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

டெல்லி, பஞ்சாப் பக்கத்து வீடுகளில் பல காலமாக இப்படித்தான் காபி போடுகிறார்கள். கப்பில் காபித்தூளும் சர்க்கரையும் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஸ்பூனால் அடிப்பார்கள். வெளுத்துப் பசை போல ஆனதும் கொதிக்கும் பாலை ஊற்றுவார்கள். நுரை தானாக மேலே வரும். 'பேன்ட்டி ஹூயி காபி' என்பார்கள். அடித்த காபி என்று பொருள்.

வடநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் இது பழக்கமானதுதான். ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போனால், உள்ளே இருந்து கப்பில் ஸ்பூன் தட்டும் சத்தம் முதலில் கேட்கும். காபி வரப் பத்து நிமிடம் ஆகும். 'டிக்காஷன் போட்டு வைத்திருந்தால் இதற்குள் இரண்டு தடவை குடித்திருக்கலாமே' என்று மனதுக்குள் நினைத்தவர்கள் உண்டு.

கிரீஸ் நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. 1957-ம் ஆண்டு தெசலோனிகி நகரில் நடந்த பொருட்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஓர் ஊழியர் காபித்தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் குடித்தார். நுரை பொங்கியது. அதுவே 'பிராப்பே' என்ற பெயரில் அந்த நாட்டின் கோடைக் காபியாகி விட்டது.

ஆகவே டல்கோனாவில் புதிதாக எதுவும் இல்லை. வடநாட்டு வீட்டில் பாலுக்குக் கீழே இருந்த நுரையை இவர்கள் பாலுக்கு மேலே வைத்தார்கள். சூடான பாலைக் குளிர வைத்தார்கள். கப்புக்குப் பதில் கண்ணாடி டம்ளர் எடுத்தார்கள்.

நம் வீட்டுப் பண்டத்துக்கு நம்மிடம் மதிப்பு இல்லை. வெளிநாட்டுப் பெயரோடு திரும்பி வந்ததும் கைதட்டினோம்.

பில்டர் காபியில் வருமா?

தமிழ் வீடுகளில் பலர் ஏமாந்தது இங்கேதான். பில்டரில் இறக்கிய முதல் டிக்காஷனை எடுத்து மணிக்கணக்கில் அடித்தார்கள். நுரை நிற்கவில்லை.

காரணம் இருக்கிறது.

பில்டர் காபித்தூள் என்பது வறுத்து அரைத்த கொட்டை. அது தண்ணீரில் கரையாது. சாரம் மட்டுமே இறங்கும். அந்த டிக்காஷன் எவ்வளவு கெட்டி என்றாலும் பெரும்பகுதி தண்ணீர்தான். காபிக்கொட்டையின் எண்ணெயும் அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும். எண்ணெய் நுரைக்கு எதிரி.

இன்ஸ்டன்ட் காபித்தூள் வேறு. அது ஏற்கனவே இறக்கிய டிக்காஷனில் இருந்து தண்ணீரை முழுவதும் நீக்கிக் கிடைத்த தூள். பிரேசிலில் காபி மிதமிஞ்சி விளைந்து தேங்கிக் கிடந்த காலத்தில் ஆராய்ச்சி தொடங்கி, 1938-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் 'நெஸ்கபே' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இந்தத் தூளில் எண்ணெய் மிகக் குறைவு. இரண்டு ஸ்பூன் தூளுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் என்னும்போது சாரம் மிகவும் கெட்டியாகி விடுகிறது. அதில் உள்ள புரதம் போன்ற பொருட்கள் காற்றுக் குமிழியைச் சுற்றித் தோல் போல ஒட்டிக் கொள்கின்றன. சர்க்கரை அந்தக் குழம்பைப் பாகாக்கி, குமிழி உடையாமல் காக்கிறது. சர்க்கரை போடாமல் அடித்தாலும் நுரை வரும். ஆனால் சீக்கிரம் அமுங்கி விடும்.

நம் டபரா டம்ளர் நுரை இதிலிருந்து மாறுபட்டது. டம்ளரை உயர்த்தி ஆற்றும்போது பாலில் காற்றுப் புகுந்து வரும் நுரை அது. அது நிற்பதற்காக வந்தது அல்ல; குடிப்பதற்கு முன் சூடு குறைவதற்காக ஆற்றுவது. நுரை கூலி இல்லாமல் கிடைப்பது.

பால் வந்த வழி

டம்ளரில் நுரையைத்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள். கீழே இருந்த பால் எப்படி வந்தது?

டெல்லிக்குத் தெற்கே இருந்து ரெயிலில் பால் போவது பலருக்குத் தெரியாது. ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள ரேணிகுண்டாவில் இருந்து பால் டாங்கர்கள் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே பயணம் செய்யும் தமிழர்களுக்கு ரேணிகுண்டா பழக்கமான ஸ்டேஷன்தான்.

முன்பெல்லாம் இந்த டாங்கர்களைப் பயணிகள் ரெயிலோடு இணைத்து அனுப்புவார்கள். பயணிகள் ரெயில் நின்றதும் பாலும் நின்றது. உடனே ரெயில்வே, மார்ச் 26-ந் தேதி முதல் 'தூத் துரந்தோ' என்ற பெயரில் பாலுக்காகவே தனி ரெயில் விட்டது. ஒரு டாங்கரில் 40 ஆயிரம் லிட்டர். ஆறு டாங்கர் சேர்ந்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடி டெல்லி நிஜாமுதீனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அந்த ரெயிலுக்கு டிரைவர் வேண்டும். கார்டு வேண்டும். ஸ்டேஷனில் கொடி காட்ட ஆள் வேண்டும். தண்டவாளத்தைச் சரி பார்க்கக் கேங்மேன் வேண்டும். அவர்கள் யாருக்கும் நானூறு தடவை கரண்டி சுழற்ற நேரம் இருந்திருக்காது.

விடியற்காலையில் பாக்கெட் பாலைக் கடைக்குக் கொண்டு வந்தவர்கள், மூட்டை தூக்கிச் சர்க்கரையை இறக்கியவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

அதே செல்போனில் இன்னொரு படம்

அந்த நாட்களில் ஒரே செல்போனில் இரண்டு விதமான படங்கள் வந்தன. ஒன்று, டல்கோனா டம்ளர். மற்றொன்று, தலையில் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடந்து போன தொழிலாளர்கள்.

மும்பை தாராவியில் ஏப்ரல் 1-ந் தேதி முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி, இரவு ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் பகல் ஷிப்டுக்காரர் படுக்கும் இடம் அது. ஊரடங்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் இருக்க வேண்டியதாயிற்று.

மெஸ்சில் சாப்பிட்டு, தெருமுனைக் கடையில் கட்டிங் சாய் குடித்துப் பழகியவர்கள். பல அறைகளில் அடுப்பே கிடையாது. டீக்கடை மூடியபோது ஒரு டீ மட்டும் போகவில்லை. நாலு வார்த்தை பேசும் இடமும் போயிற்று.

மே 1-ந் தேதி தெலுங்கானாவின் லிங்கம்பள்ளியில் இருந்து ஜார்கண்டின் ஹாட்டியாவுக்கு முதல் 'ஷ்ரமிக்' சிறப்பு ரெயில் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேர் போனார்கள். அந்த ஆகஸ்டு வரை 4,600-க்கும் மேற்பட்ட ஷ்ரமிக் ரெயில்களில் 63 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள்.

ஆனால் ரெயில் எல்லோருக்கும் நேரத்தில் கிடைக்கவில்லை. மராட்டியத்தில் ஜால்னாவில் இருந்து நடந்து போன தொழிலாளர்கள், களைப்பு மிகுந்து அவுரங்காபாத் அருகே தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். மே 8-ந் தேதி விடியற்காலை சரக்கு ரெயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். அவர்கள் வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

காபி அடித்தவர்கள் மேல் குற்றம் இல்லை. பயத்தில் அடைந்து கிடந்தவர்கள் மனதை ஏதாவது ஒன்றில் செலுத்தத்தான் வேண்டும். ஆனால் ஊரடங்கு என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருவருக்கு அது ஓய்வு. ஒருவருக்கு அது பட்டினி. ஒருவருக்கு இரட்டை வேலை. டல்கோனா காபி முதல் வகையினரின் காபியாக இருந்தது.

இறங்குமுகம்

மே மாதத்திலேயே மோகம் குறையத் தொடங்கி விட்டது.

முதல் காரணம், ருசி. படத்தில் இருந்த அழகு வாயில் இல்லை. மேலே கசக்கும் நுரை. கீழே சப்பென்ற பால். கலக்கிக் குடித்தால்தான் காபி. கலக்கினால் அழகு போய் விடும். அப்புறம் எதற்கு அரை மணி நேரம் அடிப்பது?

இரண்டாவது, தூள். இரண்டு கப்புக்குப் போடும் தூளும் சர்க்கரையும் ஒரே டம்ளரில் இறங்கின. குடித்தவர்களில் பலருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. வருமானம் நின்ற வீட்டில் தூள் செலவும் கண்ணில் பட்டது.

மூன்றாவது, மேடை. ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. கரண்டி சுழற்றும் காட்சிகள் அதிகமாக ஓடிய 'டிக்டாக்'கும் அதில் ஒன்று.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், நேரம். ஜூன் 15-ந் தேதி மும்பையில் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் லோக்கல் ரெயில் திரும்ப ஓடத் தொடங்கியது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் குறிப்பிட்ட நேரங்களில் மற்றவர்களும் ஏறலாம் என்று ஆனது. 7.40 லோக்கலைப் பிடிக்க வேண்டியவர் காபியை நானூறு தடவை அடித்துக் கொண்டிருக்க முடியாது.

சும்மா இருந்த கைகளில் பிறந்த காபி, கைகளுக்கு வேலை வந்ததும் போயிற்று.

பெயர் மட்டும் மறுபடி வந்தது

2021-ம் ஆண்டு செப்டம்பரில் 'ஸ்குவிட் கேம்' என்ற கொரியத் தொடர் வெளியானது. கடனில் மூழ்கியவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஆடும் கதை. அதில் ஓர் ஆட்டம், ஊசியால் மிட்டாயைப் பெயர்ப்பது. அதே டல்கோனா மிட்டாய்!

உலகம் மறுபடியும் டல்கோனாவைத் தேடியது. ஆனால் இந்தத் தடவை தேடியது மிட்டாயை. காபியை அல்ல. இரவல் வாங்கிய பெயர் உரியவரிடமே திரும்பிப் போய் விட்டது.

வடநாட்டு வீடுகளில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. விருந்தாளி வந்தால் கப்பில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்கிறது. அவர்கள் அதைப் படம் பிடிப்பதில்லை.

செய்து பார்க்க

இன்றும் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள், குளிர்ந்த பாலை விட்டு விட்டு வடநாட்டு முறையில் செய்வது நல்லது. ஆளுக்கு ஒரு சின்ன ஸ்பூன் இன்ஸ்டன்ட் தூள், ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் வெந்நீர். ஒரே கிண்ணத்தில் போட்டு வெளுக்கும் வரை அடித்து, டம்ளர்களில் பங்கிட்டு, கொதிக்கும் பாலை உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். தூள் பாதியாகும். தூக்கமும் கெடாது.

கை வலிக்கும் என்ற கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அறையில் நாலு பேர் இருந்தால், ஆளுக்கு நூறு.